கேட்டில் மாட்டிய பார்சல்

த்ரீவீல் ஆட்டோவுக்குள் குனிந்து உட்கார்ந்தபடி ஜஹானா அந்தப் படத்தை விரல்களால் விரித்து விரித்துப் பார்த்தாள். அலவத்துகொடையில் வாப்பாவின் வீட்டு கேட். கம்பியில் இன்று பகலுக்கு அவள் ஓடர் பண்ணிய சோற்றுப் பார்சல், வெள்ளைப் பையில். பக்கத்துக் கம்பியில் இன்னொரு வெள்ளைப் பை. அது நேற்று இரவுச் சாப்பாடு. யாரும் அவிழ்த்து எடுக்கவில்லை.

“கொஞ்சம் வெரசாப் போங்களேன்.”

“எங்கிட்டு மிஸ் போறது? அக்குறணை டவுனே அடைச்சுக்கிட்டு நிக்குது பாருங்க,” என்றார் டிரைவர்.

மறுபடியும் வாப்பாவுக்கு அடித்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. லுஹர் தொழுகிறாராக்கும். தொழுது முடிக்க இவ்வளவு நேரமா? போனில் சார்ஜ் இல்லையாக்கும். சார்ஜ் இல்லாத போன் மணி அடிக்காதே. அவளே ஒன்றைச் சொல்லி அவளே அதை வெட்டிக்கொண்டிருந்தாள்.

தம்பி பஹீம் கண்டியில் கடையில் இருந்தான்.

“பஹீம், நீ வாப்பாவோட பேசினியா?”

“இல்ல ராத்தா. நீங்க பேசியிருப்பீங்கண்டு நெனச்சேன். ஏன்?”

“போன் எடுக்கிறாரில்ல. நேத்துச் சாப்பாடும் கேட்லயே தொங்குது.”

அந்தப் பக்கம் யாரிடமோ கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். பிறகு அவன், “நான் வாறேன்,” என்று வைத்துவிட்டான். ‘ஒண்டும் ஈக்காது, பயப்படாதீங்க’ என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வைத்ததுதான் அவளை இன்னும் கலக்கியது.

பெற்றவரைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் விதம் இப்போது இப்படித்தான் ஆகிவிட்டது. ஒரு பெருவிரல் போதும். காலையில் கட்டுகஸ்தோட்டை வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஜஹானா அக்குறணைக் கடையொன்றின் ஆப்பைத் திறப்பாள். பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. கொண்டுபோய்க் கொடுத்ததும் போன் ‘டிங்’ என்னும். கொடுத்ததற்கு அத்தாட்சியாகப் படமும் வரும். அதை அவள் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை, மணி கேட்டாலே போதும், வாப்பா சாப்பிட்டுவிட்டார் என்று கணக்கு. இன்றைக்குத் திறந்ததுகூட அவர் போன் எடுக்காததால்தான்.

உம்மா மௌத்தாகிக் கண்மூடிய பிறகு அடுத்த வீட்டு அபீபா மாமிதான் வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். சும்மா வைத்துவிட்டு வருகிற ஆளா அவர்? கறி ஆணம் உறைப்பா, கால் வீக்கம் வற்றிச்சா, மருந்தைக் குடிச்சாச்சா என்று ஒரு பாட்டம் விசாரித்துவிட்டுத்தான் திரும்புவார். அது ஜஹானாவுக்கு உறுத்தியது. மூன்று பிள்ளைகள் இருந்தும் ஊரார் சோறு போடுகிறார்கள் என்று நாலு பேர் பேசமாட்டார்களா? “இனி ஒங்களுக்குக் கரச்சல் இல்ல மாமி, நான் கடையில சொல்லியிருக்கிறேன்,” என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தாள். மாமி கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “நல்லம் மகள்,” என்றார். அவ்வளவுதான்.

த்ரீவீல் ஒரு முழம் நகர்ந்து நின்றது. சாப்பாட்டுக் கடையொன்றின் வாசலில் கொத்து ரொட்டிக் கல்லில் தகடு விழும் சத்தம். வெங்காயமும் முட்டையும் கருகும் வாசம். அந்த வாசம் ஒரு காலத்தில் சனிக்கிழமை என்று அர்த்தம்.

வாப்பா கண்டியில் புடவைக் கடையில் நின்றவர். சனிக்கிழமைதான் பார்சல் வரும். கொத்து ஒன்று, புரியாணி ஒன்று, அதுதான் ஐந்து பேருக்கும். ஜஹானாவும் பஹீமும் சின்னவள் நுஹாவும் பின்னேரத்திலிருந்தே கேட்டில் ஏறித் தொங்குவார்கள். அது கலவரத்து ஊரடங்குக் காலம். ஆற்றில் பிணம் வருகிறது என்று பெரியவர்கள் குசுகுசுப்பார்கள். பஸ் வந்து நின்று போகும், வாப்பா இறங்கமாட்டார். அடுத்த பஸ்ஸும் போகும். உம்மா உள்ளே யாஸீன் ஓதத் தொடங்குவார். நுஹா அழுவாள். ஜஹானா அழமாட்டாள், மூத்தவள் அல்லவா? கம்பியைப் பிடித்திருக்கும் கைதான் நோகும். கடைசியில் சந்தியில் அந்த வெள்ளைச் சேர்ட் தெரியும். வாப்பா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வருவார்.

“கட மூடிட்டான் மக்காள். ஒண்டும் கொண்டரல்ல.”

பத்திரிகைக் கடதாசியில் ஊறிய எண்ணெய் அவரது சேர்ட்டின் பின்பக்கம் முழுக்கத் தெரியும். பொய்யைப் பார் பொய்யை! சகன் தட்டில் கொட்டி ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் கை வைக்கலாம். புரியாணிக்குள் இருக்கும் ஒரேயொரு முட்டையை வாப்பா நூலால் அறுத்துப் பங்கு வைப்பார்.

இப்போது அவளது வீட்டில் மகன் ஒரு கடையில் ஓடர் பண்ணுவான், மகள் இன்னொரு கடையில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு அறைக்குள் போய்விடுவார்கள். கேட்டில் யாரும் தொங்குவதில்லை. யாருக்காகவும் யாரும் பயப்படுவதுமில்லை.

போன் அதிர்ந்தது. வாப்பாவோ என்று பாய்ந்து பார்த்தாள். ஏதோ தெரியாத நம்பர். படம் வருவதற்குக் கொஞ்சம் முன்பும் இதே நம்பர்தான் அடித்து அவள் வெட்டிவிட்டாள். இப்போதும் வெட்டினாள்.

அலவத்துகொடையில் இறங்கினாள். கேட் தெரிந்தது. படத்தில் பார்த்தது போலவே இரண்டு பை. நேற்றைய பையில் எறும்பு சாரை பிடித்து ஏறிக்கொண்டிருந்தது. கேட் உட்பக்கமாகப் பூட்டியிருந்தது.

“வாப்பா!”

காகம் ஒன்று பறந்தது.

“வாப்பா! நான் ஜஹானா!”

அடுத்த வீட்டிலிருந்து அபீபா மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். ஜஹானாவின் முகத்தையும் பைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகமும் மாறியது.

“நேத்து இருட்டி, மஃரிபுக்குப் பொறகு தொங்கியதக் கண்டேன் மகள்,” என்றார் மெதுவாக. “நீங்க அனுப்பிய சாமான்தானேண்டு தொடல்ல.”

அதில் குத்தல் இருந்திருந்தால் ஜஹானாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். இல்லை. மாமி இடுப்பிலிருந்து கொத்துச் சாவியை எடுத்தார். கேட் சாவியும் வீட்டுச் சாவியும் அதில் இன்னும் இருந்தன. திரும்பக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஜஹானா நினைத்து நினைத்து மறந்துபோன சாவிகள்.

கதவைத் தள்ளியபோது பகல் வெளிச்சத்திலும் ஹோலில் லைட் எரிந்துகொண்டிருந்தது. கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் வாப்பா உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவரைத் தொட்ட மாமி சட்டென்று கையை எடுத்து, “இன்னா லில்லாஹி,” என்றார். ஜஹானா தொடவில்லை. தொட்டால் உண்மையாகிவிடும் என்று பயந்தாள்.

வீட்டில் சாரமும் பெனியனுமாக இருக்கிற மனுஷன், கழுத்துப் பட்டன்வரை பூட்டிய வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். தலையில் தொப்பி. லேசாக அத்தர் மணம். ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றச் செருப்பு கதவடியில் கிடந்தது.

எங்கே புறப்பட்டார்? பள்ளிக்கா? முழங்கால் நோவால் பள்ளிக்குப் போவதை விட்டு எவ்வளவோ காலம். நோவு கண்டு டொக்டரிடம் போகப் பார்த்தாரோ? இல்லை, பையை எடுக்க எழும்பினாரோ? ஹோர்ன் சத்தம் கேட்டு, நான் அனுப்பிய சோற்றை எடுக்க அவசரமாக எழும்பி... அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. இரண்டு பைகளையும் அவிழ்த்துக்கொண்டு குசினிக்கு ஓடினாள். சனம் வருவதற்குள் யார் கண்ணிலும் படாமல் மறைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது தெரிந்தது. அடுப்புக்குக் கீழே தள்ளி ஒரு சாக்கால் மூடினாள்.

பஹீம் வந்தான். வாப்பாவின் காலடியில் அப்படியே குந்திவிட்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வந்தவர்கள் காதில் விழாமல் அவளிடம் கேட்டான்.

“ராத்தா, பொலிஸ் கிலிஸ் வருமா? தனிய மௌத்தானா மையத்த வெட்டிப் பாப்பாங்களாமே?”

அவள் பயந்து கிடந்ததும் அதற்குத்தான். விசாரணைக்கு ஒருவர் வருவார். கடைசியாகப் பேசியது யார் என்பார். எப்போது என்பார். என்ன சொல்வது? ‘டிங்’ கேட்டது என்றா?

வாப்பாவுக்கு இருதய வருத்தத்துக்கு மருந்து கொடுத்துவந்த டொக்டர் நளீர் வந்து நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“கடைசியா யார் பேசின?”

ஜஹானா பஹீமைப் பார்த்தாள். பஹீம் சுவரைப் பார்த்தான்.

“நான்தான் டொக்டர்,” என்றார் அபீபா மாமி. “நேத்து பின்னேரம் அஸருக்குப் பொறகு மதிலடியில நிண்டு பேசின. நெஞ்சுக்குள்ள என்னமோ பிடிச்ச மாதிரி ஈக்கிண்டு சொன்னாரு. புள்ளகளுக்குச் சொல்லட்டாண்டு கேட்டேன். வாணாம், பயந்துடுவாங்கண்டு சொன்னாரு.”

டொக்டர் தலையாட்டினார். இருதயம் எப்போது நின்றாலும் ஆச்சரியமில்லை என்று போன முறையே சொல்லியிருந்தாராம். கடிதம் எழுதிக் கொடுத்தார். வெட்ட வேண்டியதில்லை என்றானதும் பஹீமுக்கு மூச்சு வந்தது. ஜஹானாவுக்கு வரவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று வாப்பா சொன்னது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அதைக் கேட்க அவள் வைத்திருந்த காது ஒரு மணிச் சத்தத்துக்குப் பழகிப்போயிருந்தது.

நுஹா தோஹாவிலிருந்து போனில் முகத்தைப் பார்த்துக் கதறினாள். குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, மஃரிபுக்கு முன்பே சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். ஆண்கள் மையவாடிக்குப் போனதும் வீடு சட்டென்று பெருத்துப்போனது. பெண்கள் உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். ஜஹானா மட்டும் வாசலுக்கு வந்து நின்றாள்.

அப்போது கேட்டடியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய ஆள், வாசலில் அடுக்கிய கதிரைகளையும் வெள்ளைக் கொடியையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கையில் வெள்ளைப் பை. ராத்திரிச் சாப்பாட்டை ரத்துச் செய்ய அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“ஐயாவா?” என்றார்.

ஜஹானா தலையாட்டினாள்.

“கடவுளே... நான் திலீபன் மிஸ், பன்வில ஊரு. தினமும் நான்தான் கொண்டாறது. நேத்து ராவைக்கி ஐயாவக் காணல. ஹோன் அடிச்சுப் பாத்துட்டு மாட்டிட்டுப் போனேன். இன்னிக்கிப் பகலும் காணல, பழைய பையும் அப்படியே இருந்திச்சு. எனக்கு மனசே சரியில்ல. ஒங்களுக்கு அடிச்சேன், நீங்க எடுக்கல. அதுதான் ரெண்டு பையும் தெரியிற மாதிரி போட்டோ எடுத்தேன். பாத்தா வருவீங்கன்னு. பொறகும் ஒருக்கா அடிச்சேன்.”

அவள் இரண்டு தடவையும் வெட்டிய நம்பர்.

“வாப்பா பைய எடுக்கத்தான் எழும்பியிருப்பாரு...” என்றாள். கேள்வியா, வாக்குமூலமா என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஐயா எங்க மிஸ் பைய வாங்கினாரு? கையில குடுத்தா வாங்கமாட்டாரு. கேட்ல மாட்டுங்க, மாட்டிட்டுப் போட்டோ எடுங்கம்பாரு. நான் வார நேரம் பாத்து சேட்டு போட்டு ரெடியா நிப்பாரு. தொப்பிய சரி பண்ணிக்குவாரு.” திலீபன் சிரிக்கப் பார்த்து முடியாமல் நிறுத்தினார். “இந்தப் படம் மகளுக்குப் போகுதுல்ல, நல்லா விழுதான்னு கேப்பாருங்க.”

அவர் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். பிறகு பழக்கத்தில் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போனார். படம் எடுக்கவில்லை.

மையவாடியிலிருந்து பஹீம் திரும்பி வந்தபோது ஜஹானா வாசல் படியில் குந்தியிருந்தாள். போன் வெளிச்சம் முகத்தில் விழுந்திருந்தது. அவன் காலில் ஈரமண். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“என்ன ராத்தா பாக்கிறீங்க?”

அவள் போனை அவன் பக்கம் திருப்பினாள். கேட், பை, கம்பிகளுக்குப் பின்னால் வெள்ளைச் சேர்ட்டில் வாப்பா, நேராகப் பார்த்தபடி. அடுத்த படத்திலும் வாப்பா, குடையோடு. அடுத்ததில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இன்னொன்றில் கைகள் இரண்டையும் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

“உடுத்திட்டு எங்க போகப் போறாரு?” என்றான் பஹீம்.

ஜஹானா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நேற்றுப் பகல்வரை ஒன்றுகூடத் தவறவில்லை, எல்லாவற்றிலும் நின்றார். நேற்று இரவுப் படத்தில் கேட்டும் பையும் மட்டும் இருந்தன. பின்னால் வீட்டு ஜன்னலில் லைட் எரிந்தது. கதவுக்குப் பக்கத்து ஜன்னல், வாப்பா சாய்ந்திருந்த கதிரைக்கு நேரே.

பஹீம் போனை வாங்கினான். அந்த ஜன்னலில் இரண்டு விரலை வைத்து விரித்தான். இன்னும் விரித்தான். திரை முழுக்க மஞ்சளாகி, அதற்கு மேல் விரிக்க முடியாமல் போகும்வரை விரித்துக்கொண்டிருந்தான்.