கட்டைவிரல் பள்ளம்

"பசிச்சப்புறம் தின்னா பிரயோஜனமில்ல. மலை ஓட்டத்துல வயிறு நட்டாத்துல விட்டுடும்" என்பாள் என் மனைவி. நான் பயிற்சிக்குக் கிளம்புமுன், பேரீச்சம்பழத்தையும் வேர்க்கடலையையும் இடித்து உருண்டை பிடிப்பாள். ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் பள்ளம் அழுத்தி, அதில் உப்பு வைப்பாள்.

"மனுஷன் திங்கிறதா இது?"

"வாய மூடிக்கிட்டு மெல்லுங்க."

கோடையில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஃப்ரீசரில் அவள் பிடித்துவைத்த உருண்டைகள் மட்டும் இருந்தன. ஞாயிறுதோறும் நீண்ட ஓட்டத்துக்கு ஒன்று எடுத்தேன். மலை ஓட்டப் போட்டியன்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

கடைசி ஏற்றத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாதையோரப் பாறையில் சரிந்துவிட்டேன். முதலுதவி நர்ஸ் ஓடிவந்து என் இடுப்புப் பையைத் துழாவி அந்தக் கடைசி உருண்டையை எடுத்தாள்.

"என்ன சார், தீனியப் பையில வச்சுக்கிட்டே மயங்கி விழுவீங்களா? வாயத் திறங்க."

"அது வேணாம்மா. வாழைப்பழம் இருந்தா குடு."

"இதுக்கு என்ன கொறச்சல்?"

நர்ஸ் கையிலிருந்து உருண்டையை வாங்கிக்கொண்டேன். உப்பு கரைந்துபோயிருந்தது. அந்தப் பள்ளத்தில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் தடிமன், உள்ளே போகவில்லை.