கல்லரசிக்குக் காட்டிய கண்ணாடி

எங்கள் விளையாட்டில் மொத்தம் ஒன்பது சாமான்கள். எட்டுக்குத்தான் இடம் என்று வியாழக்கிழமை காலை மாமா வந்து நின்றார்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். கம்பெனி அவருடையது. வீட்டில் அவர் மாமா, ஆபீசில் சார், சண்டை வந்தால் வெறும் 'நீங்க'. டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை, அதில் மூன்று பேர். மூன்றாமவர் வாத்தியார். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டு, பிள்ளைகளைவிட கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று இந்தப் பக்கம் வந்தவர். விளையாட்டில் என்ன இருக்க வேண்டும் என்று நான் எழுதித் தருவேன். அதை ஓட வைப்பது அவர். ஏன் இது என்று கேட்பது மாமா.

விளையாட்டு இதுதான். பூமிக்கு அடியில் ஒரு பாதாளக் கோட்டை. தளம் தளமாக இறங்க வேண்டும். படம் கிடையாது, எல்லாம் எழுத்து. 'எ' என்றால் எலி, 'பு' என்றால் புழு, மின்னஞ்சலில் வருமே அந்த @, அது நீங்கள். நீங்கள் ஒரு கட்டம் நகர்ந்தால் மற்றவையும் ஒரு கட்டம் நகரும். எந்த விசையையும் தொடாவிட்டால் உலகமே சும்மா இருக்கும்; நின்ற இடத்திலேயே உங்கள் முறையைக் கழிக்கவும் ஒரு விசை உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோட்டை புதிதாக முளைக்கும், அதனால் மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது. செத்தால் செத்ததுதான். பாதியில் சேமித்து வைத்துக்கொண்டு திரும்ப வருகிற வேலையெல்லாம் இங்கே நடக்காது. உயிர் ஒன்று.

"செல்போன் திரையில எட்டு கட்டம்தான் வருமாம். ஒண்ணைத் தூக்கணும்" என்றார் மாமா. "கண்ணாடியைத் தூக்கிடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"நூறு பேர் ஆடினா தொண்ணூத்தியோரு பேர் முதல் தளத்துலயே அதைக் கீழ போட்டுட்டுப் போறான். நான் சொல்லல, வாத்தியார் எடுத்த கணக்கு."

வாத்தியார் தன் டீக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

கண்ணாடி என் கைவேலை. முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடிதான். பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் மிருகத்தை நோக்கி அதைத் திருப்பினால், அது தன் மூஞ்சியைத் தானே பார்த்து அரண்டு ஓடும். அதற்குக் கண் இருக்க வேண்டும், முழித்திருக்க வேண்டும். புழுவிடம் காட்டினால் புழு சாவகாசமாக உங்களைத் தின்னும். ஏழு தரம் காட்டினால் ஒரு தரம் பனி மூடி மங்கும். மூன்றாம் தளத்துக்குக் கீழே சிங்காரி என்று ஒருத்தி உலாவுவாள். கண்ணாடியைக் கண்டால் பறித்துக்கொண்டு மாயமாகிவிடுவாள். இவ்வளவு வில்லங்கமான சாமானை ஏன் செய்தாய் என்று கேட்டால், வாள் பிடிக்கத் தெரிந்தவனுக்கு வாள் இருக்கிறது. தெரியாதவனுக்கு என்ன இருக்கிறது?

என் அம்மா மொத்தச் சந்தையில் பட்டன் கடை வைத்திருந்தாள். சட்டையில் பட்டனை வைத்துப் பார்க்க மேஜை மேல் ஒரு கண்ணாடி இருக்கும். 'இதெல்லாம் ஒரு விலையா' என்று குதிக்கிறவன் பக்கம் அதை மெல்லத் திருப்பிவிடுவாள். குதித்தவன் தலைமுடியைச் சரி செய்துகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மனிதன் மாதிரி பேச ஆரம்பிப்பான். கத்துகிறவனை ஜெயிக்க அவனைவிடப் பெரிதாகக் கத்த வேண்டியதில்லை என்பதை நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன்.

"கண்ணாடி போனா நானும் போறேன்" என்றேன்.

"இதான் உன்கிட்ட பிடிக்காத விஷயம். எடுத்தவுடனே போறேன்ங்கிறது. உங்க அக்காகிட்ட நான்ல பதில் சொல்லணும்!"

"அது உங்க பாடு. ஒரு பந்தயம் வெச்சுக்கலாம். நாளைக்கு விளையாட்டை வாங்க அந்த மேடம் வர்றாங்க இல்ல? அவங்க முன்னாடி ஒரே ஒரு ஆட்டம் ஆடறேன். வாள் இல்லாம, வில் இல்லாம, கண்ணாடியை மட்டும் வெச்சுக்கிட்டு."

மாமாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பன்னிரண்டாம் தளம் வரைக்கும்."

"வாத்தியாரே, வாள் வெச்சிருக்கறவன் எத்தனையாவது தளம் போறான்?"

"சராசரி நாலும்மா" என்றார் வாத்தியார், கோப்பைக்குள்ளிருந்தே.

"அஞ்சு" என்றேன் நான்.

"அஞ்சா? விளையாடறியா? பத்து."

"நாலுக்கு மேல போனாலே வாளைவிட ஒசத்தின்னு ஆச்சு. ஏதோ அக்கா முகத்துக்காக ஆறு."

"படியைக் காக்கற கல்லரசியைத் தாண்டணும். அதுக்குக் கம்மியா பேசாத. ஏழாம் தளம் தாண்டி எட்டுல கால் வைக்கணும்."

எனக்கு வேண்டியதும் அதுதான். நாமே ஏழு என்று ஆரம்பித்திருந்தால் பத்தில் போய் முடிந்திருக்கும். கொஞ்ச நேரம் கஷ்டப்பட்டு யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். "சரி. வழியில கிடைக்கிற சாமானை எடுத்துக்குவேன். ஆயுதத்தைத் தொட மாட்டேன். தோத்தா நாளைக்கே வேலையை விட்டுடறேன். ஜெயிச்சா கண்ணாடி இருக்கும், இப்ப இருக்கற மாதிரியே."

மாமா கையை நீட்டினார். நான் அதில் கை அடித்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு அந்த மேடம் வந்தார். பெரிய கம்பெனிக்காக விளையாட்டு வாங்குகிறவர். மாமா வரவேற்புரை போல ஏதோ ஆரம்பிக்க, "ஆடறதைப் பாக்கலாமே" என்று நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கீழே கடையில் டயரைச் சுத்தியால் அடிக்கிற சத்தம். நான் ஆரம்பித்தேன்.

முதல் தளத்தில் இரண்டு எலி. கண்ணாடியைத் திருப்பினேன், இரண்டும் ஓடின. இரண்டாம் தளத்தில் ஒரு புழு. அதற்குக் கண் கிடையாது, எனக்குக் கால் உண்டு. ஓடினேன். மூன்றில் ஒரு ஓநாய், முதல் தரம் காட்டியபோது கண்ணாடி மங்கியது, தோளில் ஒரு கடி. இரண்டாம் தரம் காட்டியதும் வாலைச் சுருட்டிக்கொண்டது.

"அடி வாங்குது" என்றார் மாமா, மேடத்தின் காதில் விழும்படி.

"வாளும்தான் சில சமயம் குறி தப்பும்" என்றேன் திரையைப் பார்த்தபடியே.

நான்காம் தளத்தில் சிங்காரி படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவளைச் சுற்றி ஒவ்வொரு கட்டமாக நடந்தேன். மேடம் மூச்சுவிடாமல் பார்த்தார். தாண்டியதும் ஒரு மூலையில் மின்னியது மோதிரம். போட்டால் உருவம் மறைந்துவிடும். எவனாக இருந்தாலும் எடுத்த கையோடு மாட்டிக்கொள்வான். நானும் மாட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஐந்தும் ஆறும் திருவிழாக் கூட்டம் இல்லாத ரோடு மாதிரி. ஓநாய்கள் பக்கத்திலேயே போயின, ஒன்றும் திரும்பவில்லை. கண்ணாடியை எடுக்கவே வேலை வரவில்லை. மாமா வாட்சைப் பார்க்க ஆரம்பித்தார். வாத்தியார் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

ஏழாம் தளம். வெளிச்சமான பெரிய கூடம், நடுவில் ஒரு தடித்த தூண், கோடியில் கீழே இறங்கும் படி. அந்தப் படியின் மேலேயே 'க'. கல்லரசி. மூன்று கட்டத்துக்குள் இருப்பவரை அவள் பார்த்தால் போதும், அவர் கல்லாகிவிடுவார். அவளே அவளைப் பார்த்தால் அவள் கல். கண்ணாடியின் முழு மரியாதையும் இந்த ஒரு தளத்தில்தான்.

மறைந்தபடியே அவள் பக்கத்துக் கட்டம் வரை போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

திரையில் ஒரு வரி வந்தது: 'அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.'

மங்கிவிட்டது போல என்று மறுபடி திருப்பினேன். அதே வரி.

"வாத்தியாரே?"

"நீதாம்மா எழுதிக் குடுத்த" என்றார் அவர் மெதுவாக. "மறைஞ்சவன் கையில இருக்கற பொருளும் மறைஞ்சே இருக்கும்னு. போன வருஷம். நான் கேட்டேன், கண்ணாடிக்குமான்னு. எல்லாத்துக்கும்னு சொன்ன."

சொன்னேன்தான். கண்ணுக்குத் தெரியாத கையில் இருக்கும் கண்ணாடி எவருக்குத் தெரியும்? எழுதியவளே மறந்துவிட்டு, மோதிரத்தைப் பார்த்ததும் கண்ட ஆட்டக்காரனைப் போலப் பாய்ந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாமா சிரித்தார். ரொம்ப நாளாக அடக்கி வைத்த சிரிப்பு. "பாத்தீங்களா மேடம்? செஞ்சவங்களுக்கே வேலை செய்யல!"

"மோதிரத்தைக் கழட்ட முடியாதா?" என்று கேட்டார் மேடம்.

"கழட்ட ஒரு முறை, கண்ணாடியைக் காட்ட ஒரு முறை" என்றார் வாத்தியார். "நடுவுல அவளுக்கு ஒரு முறை வரும். அந்த ஒண்ணு போதும்."

மாமா என் பக்கம் குனிந்தார். குரல் வீட்டுக் குரலாக மாறியிருந்தது. "இங்க பாரு. எனக்கும் உன்னை அனுப்பணும்னு ஆசையா? ஆட்டத்தை இப்படியே நிறுத்து. ஏழு வரைக்கும் சாகாம வந்திருக்க, எல்லாம் மோதிரத்தாலதான். மோதிரத்தைப் பெருசா காட்டலாம், கண்ணாடி போகட்டும். நீ இரு. உன் சீட்டு, உன் மேஜை, எதுவும் மாறாது. யாருக்கும் நஷ்டம் இல்ல."

நல்ல பேரம்தான், மறுக்க முடியாது. சந்தையில் யாராவது இப்படி ஒரு பேரத்தை நீட்டினால் அம்மாகூட ஒரு நிமிடம் யோசித்திருப்பாள். திரையில் என் @ பத்திரமாக நின்றது. அங்கேயே நின்றால் எந்த மிருகமும் அதைத் தொடாது. பசி வரும்வரை உயிரோடு இருக்கும், யாருக்கும் தெரியாமல்.

"ஏழு வரைக்கும் வந்தது மோதிரத்தால இல்ல மாமா. நாலு வரைக்கும் கண்ணாடியாலதான் வந்தேன். அது இல்லேன்னா மோதிரத்துகிட்டயே வந்திருக்க மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காத."

"இப்ப என் முறை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறையுது."

கல்லரசியை விட்டு விலகி நடந்தேன். மாமா நான் பின்வாங்குகிறேன் என்று நினைத்து மேடத்திடம் தலையை ஆட்டினார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து அவளுக்கு என்னைத் தெரியாது, மோதிரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மோதிரத்தைக் கழற்றினேன். நாலு தளமாக மங்கலாகக் கிடந்த @ திரையில் பளிச்சென்று வந்தது.

"அய்யோ" என்றார் வாத்தியார்.

கல்லரசிக்கு அந்தப் படி சொந்த வீடு மாதிரி. சத்தம் கேட்டால்தான் நகர்வாள். என் பையில் கண்ணாடியையும் ஒரு ரொட்டியையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. ரொட்டி விழுந்தால் யாருக்குக் கேட்கும்? மோதிரத்தை எடுத்து எனக்குப் பின்னால், படிக்கு எதிர்க்கோடியில் இருந்த சுவரைப் பார்த்து எறிந்தேன்.

'எங்கோ கிணுங்கென்று ஒரு சத்தம்' என்றது திரை.

"அதை எதுக்கு எறிஞ்ச? அது ஒண்ணுதானே உனக்கு!" மாமா நிஜமாகவே பதறினார். எனக்காகவா, மோதிரத்துக்காகவா என்று தெரியவில்லை.

'க' படியைவிட்டு இறங்கியது. நான் நகராமல் ஒரு முறையைக் கழித்தேன். அது ஒரு கட்டம் வந்தது. மறுபடி ஒன்றைக் கழித்தேன். இன்னொரு கட்டம். தூணின் நிழலுக்குள் வந்ததும் எழுத்தே காணாமல் போனது. இடப்பக்கம் வருவாளா, வலப்பக்கம் வருவாளா என்று தெரியாது. எந்தப் பக்கம் வந்தாலும் தூணைத் திரும்பும்போது என் பக்கத்துக் கட்டத்தில்தான் கால் வைக்க வேண்டும். நடப்பதிலேயே அவள் முறை தீர்ந்துவிடும், பார்க்க இன்னொரு முறை வேண்டும்; அதற்கு முன்னால் வருவது என் முறை. கண்ணாடி மங்குகிற அந்த ஏழில் ஒரு பங்கு மட்டும் என் கையில் இல்லை.

மேடம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். கீழே சுத்தி ஓயவே இல்லை.

வலப்பக்கம், ஒட்டி, 'க'.

கண்ணாடியைத் திருப்பினேன்.

'கல்லரசி தன்னைத் தானே பார்க்கிறாள். கல்லரசி கல்லாகிறாள்.'

வாத்தியார் என் தலையில் படும்படி கையைத் தட்டினார். நான் கூடத்தைக் கடந்து, காலியாகக் கிடந்த படியில் கால் வைத்து இறங்கினேன். எட்டாம் தளம்.

மாமா சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். "சரி, ஒத்துக்கறேன். கண்ணாடி இருக்கட்டும். ஆனா ஒரு சின்ன திருத்தம் பண்ணலாம். மோதிரம் போட்டிருந்தாலும் வேலை செய்யற மாதிரி. மங்காத மாதிரி. இப்ப நூத்துக்குத் தொண்ணூத்தியோரு பேர் கீழ போடறான், அப்ப யாரும் போட மாட்டான்."

"இப்ப இருக்கற மாதிரியேன்னு கை அடிச்சோம்."

"அது சரி, ஆனா ஜனங்களுக்கு..."

"மறைஞ்சு நின்னுக்கிட்டே ஜெயிக்கறதுக்கு ஒரு கண்ணாடின்னா, அது எனக்கு வேண்டாம் சார்." சார் என்று சொன்னது அவருக்கும் கேட்டது. "அதைப் போடுங்க, நான் இப்பவே எழுந்து போறேன். வேணும்னா மோதிரமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு வாளை நீங்களே செஞ்சுக்கங்க."

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேஜை மேல் இருந்த பட்டியலை இழுத்து ஒவ்வொரு சாமானாக விரலை நகர்த்தினார்.

"சின்ன வாள் இருக்கு. பெரிய வாள்னு ஒண்ணும் இருக்கு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

மாமா என்னைப் பார்த்தார், நான் வாத்தியாரைப் பார்த்தேன்.

"பெரிய வாள் பெருசா இருக்கும்" என்றார் கடைசியில் வாத்தியார்.

மேடம் அதன் மேல் ஒரு கோடு போட்டார். "கண்ணாடி இப்படியே இருக்கட்டும். தொண்ணூத்தியோரு பேர் போட்டுட்டுப் போகட்டும். மிச்சம் ஒன்பது பேர் பத்தாயிரம் பேர்கிட்ட போய்ச் சொல்லுவான்."

பெரிய வாள் மாமாவின் யோசனை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

மேடம் கிளம்பி, மாமா அவரைப் படிவரை கொண்டுவிட்டுத் திரும்பியபோது நான் இன்னும் திரை முன்னால் இருந்தேன். எட்டாம் தளத்தின் மூலையில் எனக்கே தெரியாத ஒரு எழுத்து அசைந்தது. வாத்தியார் என்னிடம் சொல்லாமல் சேர்த்த ஏதோ ஒன்று. கண் இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது.

"பந்தயம்தான் முடிஞ்சிடுச்சே" என்றார் மாமா. "இன்னும் என்ன பண்ணிட்டிருக்க?"

"உயிர் இருக்குல்ல?" என்று சொல்லி, அதை நோக்கி ஒரு கட்டம் நகர்ந்தேன்.