பெண்கள் பூத்தில் பூஜ்யம்

எர்ணாவூர் தாண்டி கடலோரக் குப்பத்தில் பொன்னுரங்கம் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ‘பீரோ’ வீடு என்றால் சின்னக் குழந்தைகூடக் கைகாட்டும். அவர் வீட்டில் பீரோ என்று ஒன்று கிடையாது. துணிமணியெல்லாம் டிரங்குப் பெட்டியில்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றாரே, அப்போது கிடைத்த சின்னம் அது. தேர்தல் முடிந்தது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நின்றதற்குக் காரணம் கடல். அரித்து அரித்து இரண்டு தெருவைத் தின்றுவிட்டிருந்தது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது வந்து சத்தியம் செய்வார்கள். ஜெயித்த பிறகு ஆளையும் காணோம், கல்லையும் காணோம். ஒருநாள் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய் மனு தாக்கல் செய்துவிட்டார். தொகுதி முழுக்க வாங்கியது நூற்று எண்பத்தேழு ஓட்டு.

அதற்கப்புறம் தொகுதியின் சரித்திரம் அவர் வாயில் குடியேறியது. எந்த வருஷம் யார் ஜெயித்தார், எத்தனை ஓட்டு வித்தியாசம், எந்தக் கூட்டணி யார் காலை வாரியது என்று டீக்கடையில் மூச்சுவிடாமல் சொல்வார். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் தன் தேர்தலில் வந்துதான் நிற்பார். “நூத்தி எம்பத்தேழு. கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா எவ்ளோ பெரிய தலைவனா இருந்தாலும் வூட்டு ஓட்டு வுழுந்துச்சான்னு கேளு. எனுக்கு வுழுந்துச்சி. எம் பொஞ்சாதி அங்கம்மா போட்டா.” ஊரே சிரித்த சிரிப்பை அவர் தாங்கியது இந்த ஒரு ஓட்டின் பலத்தில்தான்.

அந்த ஓட்டுக்குத்தான் இந்தத் தேர்தலுக்கு முன்னால் வேட்டு வந்தது. கொண்டுவந்தவள் அவர் மகள் பவானி. அங்கன்வாடியில் வேலை. பழைய வாக்காளர் பட்டியலில் ஜனங்களின் பேரைத் தேடித் தரும் பொறுப்பையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அப்படித் துழாவியபோது பூத்வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்ற பழைய கணக்கு போனில் அகப்பட்டது.

“நைனா, ஒன் எலெக்சன் கீது பாரு!” என்று ஓடிவந்தாள்.

பொன்னுரங்கம் இதைப் பார்த்ததே இல்லை. எண்ணிக்கை நாளன்று மூன்றாவது சுற்றிலேயே மனசு விட்டு வெளியே நடந்துவிட்டவர். இப்போது கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் ஆண்களுக்குத் தனி பூத், பெண்களுக்குத் தனி பூத். குப்பத்து ஆண்கள் பூத்தில் அவருக்கு முப்பத்தெட்டு.

“அடுத்தது?”

பவானி சட்டென்று போனை மூடினாள். “அத்த வுடு நைனா.”

அவர் வாங்கித் திறந்தார். பெண்கள் பூத்தில் பூஜ்யம்.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அங்கம்மாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளிடம் இதைக் கேட்டு, அவள் பொய் சொன்னாலும் தாங்காது, மெய் சொன்னாலும் தாங்காது. டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். அங்கம்மாவோ அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து, ஒருநாள் மிளகு ரசம், ஒருநாள் சுறாப்புட்டு என்று செய்து போட்டாள். அந்தப் புட்டை முழுங்கும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிச் சமாளித்தார்.

ஓட்டுப்போடும் நாளும் வந்தது. இப்போது எல்லோருக்கும் ஒரே பூத். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, பக்கத்துப் பக்கத்தில். பள்ளிக்கூட வெராந்தாவில் அவருக்கு நேர் பக்கத்தில் அங்கம்மா நின்றாள், அவள் பின்னால் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள். கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று எட்டு நாளாக அடக்கிய வாய் அங்கே வைத்தா நழுவ வேண்டும்?

“ஏன் அங்கம்மா, அந்த வருசம் நெசமாவே பீரோவுல அமுக்குனியா?”

“இன்னாத்துக்குய்யா இப்ப அது?”

“பவானி போன்ல பழைய கணக்கு கீது. பொம்பளைங்க பூத்துல எனுக்கு முட்டை.”

பெண்கள் வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது. ஒருத்தி ஓட்டுச்சாவடிச் சீட்டை உற்றுப் படித்தாள். இன்னொருத்தி கூரையில் ஓடு எண்ணுகிறாற்போல் அண்ணாந்து பார்த்தாள். பூஜ்யத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டே. அங்கம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொறுக்க மாட்டாமல் வியாகுலம்மாள்தான் போட்டு உடைத்தாள். “அவள ஏண்ணே மொறைக்கிற? நாங்கோ ஒனக்குப் போடலாம்னுதான் இருந்தோம். அவதான் வூடு வூடா வந்து வாணாம்னு கெஞ்சினா. எங்கூட்டு சிலுவ மேல கைய வெக்கச் சொல்லி சத்தியம் வாங்கினாண்ணே!”

பொன்னுரங்கம் மலைத்துப் போனார். அவர் ரிக்‌ஷாவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போக, பின்னாலேயே இவள் மீன்கூடையோடு வீடுவீடாகப் பிரசாரம் செய்திருக்கிறாள். இந்தத் தொகுதியின் சரித்திரத்தில் ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் ஜெயித்த பிரசாரம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

“புருசன் மானத்த வாங்கணும்னே செஞ்சியா?” என்று கேட்டார்.

அங்கம்மா நிமிர்ந்தாள். “எவன் எவ்ளோ ஓட்டுல ஜெயிச்சான்னு டீக்கடையில ஒப்பிக்கிறியே, ஜெயிச்சவன் அப்பால எங்க போனான்னு ஒருநாளாச்சும் சொன்னியா? எனுக்குத் தெரியும். லாரி ஓனரு ஜெயிச்சாரு, அண்ணா நகர் போய்ட்டாரு. வக்கீலு ஜெயிச்சாரு, அடையார்ல பங்களா. நம்ம தெருவுல பொறந்தாரே வாத்தியாரு, அவுரு ஜெயிச்சப்புறம் பொஞ்சாதி செத்ததுக்குக்கூட கொடி கட்ன கார்ல வந்து, கார்லயே போனாரு. ஜெயிச்சவன் ஒருத்தனாச்சும் வூட்டுக்குத் திரும்பினானா? நீயும் போய்ட்டா பவானிய வெச்சிகினு நான் இன்னா பண்றது?”

அவருக்குக் கோபம் வந்த வழியே போய்விட்டது. “நான் ஜெயிச்சிடுவேன்னா நெனச்ச?”

“பின்ன? நீ மைக்ல பேசினத பின்னால நின்னு கேட்டுகினே இருந்தேன். எனுக்கே அழுவ வந்துச்சி. இவ்ளோ நல்லா பேசறவனுக்கு எவன் போடமாட்டான்னு பயந்துட்டேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் தூங்கவே இல்ல. ஜெயிச்சி கோட்டைக்குப் போனா லுங்கியோட போவியேன்னு ரெண்டு வெள்ளச் சட்டைகூட தெய்க்கக் குடுத்தேன். அப்பால எங்கண்ணன் கல்யாணத்துக்குன்னு சொல்லி ஒனக்குப் போட்டுவுட்டேன்.”

பொன்னுரங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று வியாகுலம்மாளுக்கு விளங்கவில்லை, அவருக்கே விளங்கவில்லை. மனசுக்கு அத்தனை நிறைவாக இருந்தது. பின்னால் நின்றவன், “பீரோ மாமு, லைன் நவுருது” என்று முதுகில் தட்டினான். அவர் நகரவில்லை.

“அடிப்பாவி, நான் ஜெயிப்பேன்னு எனுக்கே நம்பிக்க இல்லியேமே,” என்றார். “டெபாசிட்டு போவும்னு தெரிஞ்சிதான் நின்னேன்.”

அங்கம்மா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“அது எனுக்குத் தெரியாதே,” என்றாள்.