பாதியாகும் மருந்து

ஸ்கேன் எடுப்பதற்கு முன் நோயாளிக்குப் போடும் கதிரியக்க ஊசி மருந்து அது. பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் நூற்றுப் பத்து நிமிடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். யாருடைய அவசரமும் அதற்குத் தெரியாது.

அதைத் தயாரிப்பவள் நிமிடக் கணக்கில் பிசகாதவள். அவளுடைய ஊர் விமான நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் விமான நிலையத்துக்கு அறுநூற்றுப் பத்து கிலோமீட்டர். பறக்க எழுபது நிமிடம். சாலை வழியே அனுப்பினால் போய்ச் சேருவது வெறும் தண்ணீர்தான்.

அன்றைக்கு இரண்டு நோயாளிகள். இரண்டாவது ஆள் அவளுடைய சொந்த அக்கா. மறுநாள் காலை ஆபரேஷன். ஸ்கேன் இல்லாமல் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். இந்தத் தேதி தவறினால் அடுத்தது ஒரு மாதம் கழித்து. வயிற்றிலிருக்கும் கட்டி அதுவரை சும்மா இருக்குமா?

ஆறு மணிக்கு மருந்தை ஈயக் குடுவையில் அடைத்து அனுப்பினாள். ஏழரைக்கு விமானம், பத்துக்கு ஊசி. இருவருக்கும் தாராளமாகக் காணும். ஆனால் ஓடுபாதையில் மூடுபனி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. சரக்கு அலுவலகத்தில் எப்போது கேட்டாலும் இன்னும் இருபது நிமிடம் என்றார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விமானம் கிளம்பியபோது ஒன்பது இருபது. கழித்துப் பார்த்தாள். சரியாக நூற்றுப் பத்து நிமிடத் தாமதம்! இருவருக்கான மருந்து பாதியாகிவிடும். மறுபடி தயாரிக்கவும் வழியில்லை. மருந்து தயாரிக்கும் இயந்திரம் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் ஓடும்.

பதினொன்றே முக்காலுக்கு ஸ்கேன் அறைக்காரர் கூப்பிட்டார்.

"மேடம், ஒருத்தருக்குத்தான் காணும். முதல்ல உங்க அக்கா பேருதான் இருந்தது. நேத்து நீங்கதான் பின்னால தள்ளச் சொன்னீங்க. திருப்பி மாத்திடட்டுமா?"

ஆமாம், அவள்தான் சொன்னாள். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் வாய் திறக்கக்கூடாதாம். நல்ல பேர் வாங்கும் ஆசை யாரை விட்டது!

மற்றவர் யார் என்று கேட்டாள். பஸ் டிரைவராம். துணைக்கு ஆளில்லாமல் வந்திருக்கிறார். இன்றைக்கு நிச்சயம் நடக்குமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாராம்.

ஸ்கேன் அறைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும், மேடம். நிமிஷம் ஓடுது."

மாத்துங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முகம் தெரியாத அந்த டிரைவர்மேல் அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவர் என்ன பாவம் செய்தார்?

"லிஸ்ட்ல இருக்கிறபடியே போடுங்க" என்றாள்.

வேறு யாரும் சொல்லி அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று உடனே அவளே போன் செய்தாள். பனி, தாமதம், பாதியான மருந்து, வரிசையை மாற்றியது, இப்போது மாற்ற மறுத்தது என ஒன்று விடாமல் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா பேசினாள்.

"அப்போ நான் இனிமே சாப்பிடலாம்ல? நேத்து ராத்திரியிலேர்ந்து பட்டினி."

"சாப்பிடுக்கா." அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அழாதே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே அந்த ஆளுக்கு விட்டுக்கொடுத்திருப்பேன். நீ கேட்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.