மேலப்புதூர்க் குதிரைக்கு இறக்கை முளைத்த கதை

1

இந்தக் கதை ஓர் ஈரத்துணியிலிருந்து வந்தது. நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

1981. ஈஸ்டருக்கு முந்தின வாரம், திருச்சி மேலப்புதூரில் வியாகுலம்மாள் தன் வீட்டு அர்ச்சியசிஷ்ட ஜார்ஜியார் படத்தைத் துடைத்தார். குதிரைக்கு இறக்கை வந்துவிட்டது.

[முதலில் ‘அன்று காவிரியில் வெள்ளம்’ என்று ஆரம்பித்தேன். ஏப்ரலில் என்ன வெள்ளம் என்று கேட்பீர்கள். அடித்துவிட்டேன்.]

2

படம் பொன்மலையிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று கொடுத்துவிட்டுப் போனது. அப்போதே மங்கியிருந்த படத்தில் தெரிந்தது குதிரை, வாள், கீழே ஒரு சர்ப்பம். சர்ப்பத்தைக் கொன்ற புனிதர் ஜார்ஜியார்தான் என்று தெருவே முடிவுகட்டியது. மகன் விக்டர் கப்பல் வேலைக்குப் போன நாளிலிருந்து அதன் முன் தினமும் ஒரு மெழுகுவர்த்தி. இரண்டு வருஷமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

இறக்கையைப் பார்த்த கொழுந்தன் தைரியராஜ், “அண்ணி, நம்ம ஜார்ஜியார் குதிரைக்கு ஏது இறக்கை? இது அஞ்ஞானிப் படம். நானே இறக்கிடறேன்” என்றார்.

[தைரியராஜ் மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு அவசரம் ஏன்? அந்த ஆணியில் அவர் மாட்ட நினைத்தது ஒரு — வேண்டாம். சிலர் சும்மாவே அவசரப்படுவார்கள்.]

3

ஸ்ரீரங்கத்திலிருந்து என்னை வரவழைத்தார் வியாகுலம்மாள். மேல்நாட்டு ஓவியத்தைக் கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான்.

“உங்க சாமி வேற, கோபு சார். பொய் சொல்லி உங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. பார்த்துச் சொல்லுங்க.”

கதை எழுதுகிறவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

பார்த்தேன். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பரோக் காலத்து ஓவியம் ஒன்றின் நகல். அந்த ஓவியர்களில் பலர் முதலில் இருட்டைப் பூசிவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் வெளிச்சத்தை விடுவார்கள். யாரும் நேராக நிற்கமாட்டார்கள்; எல்லாரும் ஏதோ ஒரு காரியத்தின் நடுவில் பிடிபட்டவர்கள். ஆனால் இந்த இருட்டு சரியில்லை. விரலால் தொட்டேன். பாதி ஓவியனுடையது, மீதி வியாகுலம்மாளின் மெழுகுவர்த்திப் புகை. இறக்கையை மறைத்து வைத்திருந்தது அவருடைய வேண்டுதல்தான்.*

* இந்த வாக்கியம் கொஞ்சம் அழகாக விழுந்துவிட்டது. நம்பாதீர்கள்.

இன்னும் துடைத்தோம். பாறையில் சங்கிலியோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.

“இவன் பெர்சியஸ். கிரேக்கக் கதைம்மா. கடல் சர்ப்பத்துக்கு இரையாக் கட்டிப்போட்ட பொண்ணை மீட்க வரான்.”

“கட்டிப்போட்டது யாரு?”

“பெத்தவங்கதான். ஊரைக் காப்பாத்த.”

வியாகுலம்மாள் ஈரத்துணியை மடித்து வைத்தார்.

“நான்தான் சார் அவனைக் கப்பலுக்குப் போகச் சொன்னேன். மாட்டேன்னுதான் சொன்னான்.” பிறகு, “அப்போ இத்தனை நாளா நான் கேட்டது யாருக்குப் போச்சு?”

4

முடிவு அ: ‘எல்லாம் ஒரே சாமிதான்’ என்றேன். [ஸ்ரீரங்கத்துக்காரன் இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு கிடைக்காது. அடித்தேன்.]

முடிவு ஆ: அந்த நேரம் பார்த்து வாசலில் விக்டர். [கதாசிரியன் கூப்பிட்டவுடன் வருகிற பிள்ளை, அம்மா கூப்பிட்டபோது ஏன் வரவில்லை? இவன் மேலும் சந்தேகம்.]

5

நடந்தது இவ்வளவுதான்.

“கதையில அவன் நேரத்துக்கு வந்துடறானா, சார்?”

“கதையில வந்துடறான்.”

“படத்துல?”

படத்தில் அவன் அந்தரத்தில் இருக்கிறான். குதிரையின் குளம்பு இன்னும் பாறையைத் தொடவில்லை. சர்ப்பத்தின் வாய் திறந்திருக்கிறது.

வாசலில் தைரியராஜ் ஸ்டூலோடு வந்து நிற்கிறார். வியாகுலம்மாள் தீக்குச்சியை உரசாமல் கையில் வைத்திருக்கிறார்.

“சொல்லுங்க சார். ஏத்தலாமா?”

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் நகர்ந்துகொண்டேன். அந்த அம்மாள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது உங்களை.