நாற்காலியின் முதுகு

வாளியில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார் பெரியவர். கூடத்தில் தம்பியின் உடல் கிடந்தது. பத்து மணிக்கு ஓய்வுபெற்ற நீதிபதி வருகிறார். நீதிமன்றத்தில் முப்பத்தாறு வருடம் உழைத்து, அவருக்குக் கீழே தலைமை எழுத்தராக ஓய்வுபெற்றவர் பெரியவர். அதற்குள் வீடு வீடாக இருக்க வேண்டும்.

தம்பிக்கு மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. ஒட்டிய கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் இரண்டு வரி கவிதை எழுதி ஒட்டிவைத்தான்.

"உங்க வீட்டு வாளி வசனம் பேசுதாமே சார்?" என்று பழைய சகா ஒருவர் போன மாதம் நடுத்தெருவில் கேட்டுச் சிரித்தார். அது காதில் ஈயமாக இறங்கியது.

அன்றே தம்பியைக் கூப்பிட்டார். "குடும்ப மானத்தைக் கப்பலேத்தாதடா. எல்லாத்தையும் கிழிச்சுப் போடு."

"வாளி நல்லாத்தானே பேசுது அண்ணே" என்றான் அவன்.

அதோடு பேச்சு நின்றது. ஒரே கூரைக்குள் ஒரு மாதம், இருவரும் ஒருவரையொருவர் சுற்றிப்போனார்கள். நேற்றுக் காலை அவன் எழுந்திருக்கவில்லை.

பாத்திர மூடியிலிருந்த சீட்டைப் பிய்க்கும்போது கண் தானாக ஓடியது.

'கொதிக்கும்போதுதான்
எனக்குப் பேச்சு வரும்.'

சுவரில், மாட்டியிருந்த படம் எப்போதோ உடைந்துபோன இடத்தில், ஒரு வெற்று ஆணி. அதன் கீழே ஒரு சீட்டு.

'படம் போய்விட்டது.
நான் இன்னும் சுவரை விடவில்லை.'

படித்தால் கை தயங்குகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு வேலை சுளுவாக நடந்தது. ஈரத்துணியால் கடிகாரம், கதவுக் கொக்கி, விளக்குப் பலகை என்று துடைத்து வந்தார். கூடத்தில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளின் முதுகையும் தடவித் தடவி உரித்தார். எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கினார்.

தம்பி மகள் வந்து நின்றாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"பெரியப்பா, உங்க நாற்காலில இருந்ததப் படிச்சீங்களா?"

"எந்த நாற்காலி?"

"நீங்க எப்பவும் உக்காருறதுதான். முதுகு சாயுற எடத்துல அப்பா ஒட்டியிருந்தாரே. ஒரு மாசமா எழுதி எழுதி அடிச்சாரு. முந்தாநேத்து சாயங்காலந்தான் ஒட்டினாரு. எனக்குக்கூடக் காட்டல. அண்ணன் முதல்ல படிக்கட்டும்னாரு."

பெரியவர் துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தார்.

"படிச்சேன்."

"என்ன எழுதியிருந்தாரு?"

"நல்லாத்தான் எழுதியிருந்தான்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டார். கூழ்தான் வந்தது. தண்ணீர் நீலமாகியிருந்தது. விரலிடுக்கில் ஒரு துணுக்கு தங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெறும் வெள்ளை.

வாசலில் கார் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே போய் அழைத்துவந்தார்.

நீதிபதி சுற்றிலும் பார்த்தார். "வீட்ட நல்லா சுத்தமா வச்சிருக்கீங்க. உக்காருங்க. எத்தன நேரமா நிக்கிறீங்களோ, கொஞ்சம் சாஞ்சுக்குங்க."

பெரியவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் முதுகில் சதுரமாகப் பசை இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் வண்டி வந்து தம்பியைத் தூக்கும்வரை அவர் சாயவில்லை.