அப்பாவின் ஈட்டிமர நாற்காலி

அப்பா எனக்கென்று விட்டுப்போனது ஒரே ஒரு ஈட்டிமர நாற்காலி. வேலூர் சபையில் வேதம் சொல்லும் உபதேசியாராக இருந்தவர். முதுகுப் பலகையின் பின்புறம் ‘தேவசகாயம்’ என்று தன் பெயரைத் தானே செதுக்கியிருந்தார். கோலார் தங்கவயலில் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில் அடுப்புப் புகை குடித்து அது கரியாகிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஏசுபாதம் சுரங்கத்தில் மேஸ்திரி. இத்தனை வருஷமும் அதன்மேல் ஈரத்துணிதான் காயப்போட்டார்.

பங்களாக்களுக்குக் கரண்ட் விளக்கு வந்த வருஷம் அவருக்கு மாமனார்மேல் திடீரென்று பாசம் வந்தது. முதலில் ஒரு தச்சனைப் பிடித்தார். அவன் ஒரு காலைக் கோணலாக ஒட்டிவிட்டுப் போனான். விடாமல் பெங்களூர் பட்டாளத்துத் தண்டுவரை போய், பாலிஷ்காரர் மாணிக்கராஜைக் கூட்டிவந்தார். நல்ல கை. காலை நேராக்கி, பழைய பூச்சைச் சுரண்டி, சாராயத்தில் கரைத்த அரக்கைப் பஞ்சில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தார். மரத்தின் ரேகை ஒவ்வொன்றாக மேலே வந்தது. நான் அவருக்குக் கறிக்குழம்பு வைத்துப் போட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

வேலை முடிந்த அன்று பின்பக்கம் பார்த்தேன். பெயர் இல்லை.

“இன்னாண்ணே, எங்கப்பா பேரு எங்க?”

“மேஸ்திரிதாம்மா அரக்கு வெச்சி அடைச்சிடச் சொன்னாரு.”

சொன்னால் செய்துவிடுவதா என்று மாணிக்கராஜை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, “பார்வையா இருக்கட்டும்னுதான். நீ போயி வேலையப் பாரு,” என்றார். அதையும் நம்பினேன்.

கிறிஸ்துமஸ் அன்று நான் கோயிலிலிருந்து வருவதற்குள் நாற்காலி வண்டியேறிவிட்டது. சுரங்கத்து வெள்ளைக்காரத் துரைக்கு டாலி. மற்றவர்கள் பழக்கூடையும் கேக்கும் கொண்டுபோகும் பண்டிகை மரியாதைக்கு இவர் என் அப்பாவைக் கொண்டுபோனார். துரைக்குப் போகிற பொருளில் உபதேசியார் பெயர் எதற்கு? பெரிய மேஸ்திரி வேலைமேல் இவருக்குக் கண். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. வேலை, வான்கோழி கொண்டுபோன எட்மண்டுக்குக் கிடைத்தது.

புதுவருஷத்தன்று பங்களாவில் மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வராந்தாவில் துரை பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, பூட்ஸ் கால் இரண்டையும் அப்பா நாற்காலியில் போட்டிருந்தார். என் வீட்டுக்காரர் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, கை கட்டி, சிரித்துக்கொண்டு எதிரில் நின்றார்.

மாணிக்கராஜைத் திட்டியிருக்க வேண்டாம். அவர் அந்தப் பெயரை அடைத்ததுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே ஆறுதல்.